ரீலோடு நான் கொடுத்த சீட்டு

இது நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ, வருஷம் சரியாக நினைவில்லை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்து, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு முழுக்கச் சேறாகக் கிடந்த சமயம் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அந்தத் தெருவில் எங்களுக்கு ஒரு கயிற்றுக்கடை. கயிறு, வலைநூல், தூண்டில் முள், ஈயக்குண்டு, தார்ப்பாய், இதெல்லாம் விற்போம். பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டுக்காரர் சரக்கு எடுக்க வெளியூர் போகிற நாட்களில் கடையில் உட்கார ஆரம்பித்து, கடைசியில் கடையே என் பொறுப்பு என்று ஆகிவிட்டது.

எனக்கு ஒரு குணம் உண்டு. எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். கடையைப் பூட்டிவிட்டுப் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வரைக்கும் நடந்திருப்பேன். அங்கே சிதறுகாய் உடைக்கிற சத்தம் காதில் விழும்போதுதான், பூட்டினோமா இல்லையா என்று சந்தேகம் வரும். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தால்தான் மனசு அடங்கும். ஒரு நாள் இல்லை, வாரத்தில் நாலு நாள் இப்படி.

அப்படிப்பட்டவளிடம் என் வீட்டுக்காரர் ஒரு பெட்டி ரீலைக் கொண்டுவந்து இறக்கினார். தூண்டில் கம்பில் மாட்டுகிற ரீல். கைப்பிடியைச் சுற்றினால் தங்கூசி என்கிற நைலான் நரம்பு சுருளில் வந்து ஏறும். அதுவரைக்கும் அந்த மாதிரி ரீல் என்றால் துபாயில் இருந்து வந்தவர்கள் கையில்தான் பார்த்திருக்கிறோம். இது விலை குறைந்த சாமான். நல்ல ரீல் ஒன்று வாங்குகிற பணத்துக்கு இதில் ஏழெட்டு வாங்கலாம். மெட்ராஸ் மொத்த வியாபாரி தலையில் கட்டிவிட்டார் என்று எனக்குச் சந்தேகம்.

"இது உப்புத் தண்ணியில எத்தனை நாள் கிடக்கும்?" என்று கேட்டேன்.

"வாங்குகவன் பாத்துக்கிடுவான். கயிறு விக்கும்போது கயித்துக்கு சாதகம் பாத்தியாக்கும்?" என்றார் அவர்.

நான் பார்க்காமல் விற்க முடியாது. ஒரு ரீலை வீட்டுக்கு எடுத்துப் போய், செய்தித்தாள் விரித்து, சின்னத் திருப்புளியை வைத்து முழுக்கப் பிரித்தேன். ஒவ்வொரு திருகும் எந்த ஓட்டையில் இருந்து வந்தது என்று தாளிலேயே பேனாவால் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் வைத்தேன். ஒரு ஸ்பிரிங் துள்ளிப் போய் அரிசிப் பானைக்குப் பின்னால் விழுந்தது. அதைத் தேட ஒரு மணி நேரம். எல்லாம் முடிந்தபோது எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இந்த ரீல் மோசமும் இல்லை, உசத்தியும் இல்லை. உள்ளே பல்சக்கரம் மெத்தென்ற வெள்ளை உலோகம். ஒரே ஒரு பேரிங், அதுவும் துருப்பிடிக்கிற ஜாதி. நரம்பு ஓடுகிற அந்தக் குட்டி உருளையில் ஒரு பொட்டு கிரீஸ்கூட இல்லை. ஆனால் உடம்பு கெட்டி, கைப்பிடி கெட்டி. உப்பை மட்டும் உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டால் இது உழைக்கும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ரீலையும் பிரித்து, பேரிங்கிலும் உருளையிலும் கிரீஸ் வைத்து மூடித்தான் விற்றேன். வாங்க வருகிறவரிடம் எங்கே மீன் பிடிப்பீர்கள், யார் கழுவுவார்கள், எங்கே வைப்பீர்கள் என்று கேட்பேன். கரமனையில் இருந்து வருகிற ஒரு வாடிக்கையாளர், "சேச்சி கிட்ட ரீல் வாங்குறதும் பொண்ணு கேக்குறதும் ஒண்ணு" என்பார். சிரித்துக்கொள்வேன், கேள்வியை விடமாட்டேன்.

இது போதாது என்று ஒரு சீட்டும் தயார் செய்தேன். நான் சொல்லச் சொல்ல, பக்கத்துக் கடைக்காரர் மலையாளத்தில் எழுதினார். அதை நகல் எடுத்து ஒவ்வொரு ரீலோடும் வைத்துக் கொடுத்தேன். கடலில் இருந்து வந்ததும் சுருளின் தலையில் இருக்கிற மேல்திருகை இறுக்குங்கள். ரீலை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். பழைய துணியால் துடைத்து நிழலில் காய வையுங்கள். அப்புறம் திருகைத் தளர்த்துங்கள். இவ்வளவுதான். ஊறப் போடுகிற யோசனை என் சமையல்கட்டில் இருந்து வந்தது. கருவாட்டை அரை மணி நேரம் ஊறப் போட்டால் உப்பு இறங்குகிறதே, ரீலுக்கும் அதுதானே என்று நினைத்தேன். கடைசி நேரத்தில் இன்னொரு பயம் வந்தது. குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கிறது, அது இரும்பை அரித்துவிட்டால்? அதனால், "கிணற்றுத் தண்ணீரில்" என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னேன். பக்கத்துக் கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்து, "மருந்துச் சீட்டு போல இருக்கு சேச்சி" என்றார். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

சீட்டுப்படி கழுவி ஒரு வருஷத்துக்குள் ரீல் கெட்டால் மாற்றித் தருகிறேன் என்று வாய்விட்டும் சொன்னேன். மாற்றித் தரச் சொல்லி ஒரு ரீலும் திரும்பி வரவே இல்லை. வட்டியூர்க்காவு, கவடியார் பக்கத்தில் இருந்து ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிக்கிற உத்தியோகஸ்தர்கள் வாங்கினார்கள், அவர்கள் சொல்லி இன்னும் பலர் வந்தார்கள். விலை மலிவான ரீல் நாள்படாது என்று சொன்னவர்களிடம் நான் நெஞ்சை நிமிர்த்திப் பேச ஆரம்பித்தேன். பயந்தவளுக்குத் தைரியம் வந்தால் கொஞ்சம் கூடுதலாகவே வரும் போலிருக்கிறது.

அப்போதுதான் வலியதுறைக்காரர் வந்தார். நாற்பது வயது இருக்கும். வள்ளம் தள்ளும்போது அலையில் அது புரண்டு முழங்காலை நசுக்கிவிட்டது, அதன் பிறகு கடலுக்குப் போக முடியவில்லை என்றார். வலியதுறைக் கடல்பாலத்தில் நின்று தூண்டில் போட்டு, கிடைக்கிற பாரையையும் சீலாவையும் விற்றுத்தான் வீடு நடக்கிறது. கையால் நரம்பை எறிந்தால் தூரம் போவதில்லை. ரீல் இருந்தால் போகும். மழைக்காலத்தில் வள்ளங்கள் கரையில் கிடக்கும்போது பாலத்து மீனுக்கு மதிப்பு அதிகம். இந்த மூன்று மாதம்தான் அவருக்கு விளைச்சல். நான் என் கேள்விகளைக் கேட்டேன், அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். கைப்பிடியைச் சுற்றினால் ஆட்டுக்கல்லில் மணல் விழுந்த மாதிரி கரகரவென்றது. பிரித்துப் பார்த்தால் பேரிங் சிவந்து இறுகியிருந்தது, பல்சக்கரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"இதைக் கழுவலை" என்றேன்.

"கழுவி சேச்சி. நித்தமும் கழுவுறதாக்கும்."

மாற்றிக் கொடுத்தேன். அடுத்த மூன்று வாரத்தில் அதுவும் அதே கோலத்தில் வந்தது. மனசில்லாமல் அதையும் மாற்றிக் கொடுத்தேன். மூன்றாவது ரீலோடு அவர் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எனக்கு வெட்கமாகிப் போய்விட்டது. என் ரீல் கெட்டுவிட்டது என்று எல்லார் முன்னாலும் ஆகிவிடுமே என்கிற வெட்கம். இப்போது யோசித்தால் அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

"இத்தனை பேர் வாங்கினாங்க, யாருக்கும் கெடலை. கழுவாமலே கழுவினேன்னு சொல்றவங்களுக்கு இனிமே மாத்தித் தர முடியாது" என்றேன், நாலு கடைக்குக் கேட்கிற மாதிரி.

சாரம் கட்டக் கயிறு வாங்க வந்திருந்த பெயின்டிங் கான்டிராக்டர் ஒருத்தர், "கடல்காரன் குளிக்கிறதே கடல்லயாக்கும். அவன் ரீலைப் போய் தனியாக் கழுவுவானா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

வலியதுறைக்காரர் சிரிப்பு அடங்குகிற வரைக்கும் நின்றார். பிறகு ரீலை மேசை மேல் மெல்ல வைத்தார். "கள்ளம் பறஞ்சு ஒரு சாமான் வாங்கிட்டுப் போற ஆளில்ல ஞான்" என்றார். வேறு ரீல் கேட்கவில்லை. வைத்ததைத் திரும்ப எடுக்கவும் இல்லை. மழையில் இறங்கி, காலை இழுத்து இழுத்து நடந்து போனார்.

பூட்டைப் பார்க்கத் திரும்பி வருகிறவளுக்கு இது எப்படி அடங்கும்? மறுநாள் மத்தியானம் அந்த ரீலைச் செய்தித்தாளில் வைத்துப் பிரித்தேன். கிரீஸ் வைக்க மற்றவர்கள் கொண்டுவருகிற ரீல்களைப் பார்த்து, கழுவாத ரீல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கைப்பிடி மடிப்பில் மீன் செதிள் ஒட்டியிருக்கும், இடுக்குகளில் மணல் இருக்கும். இந்த ரீலில் செதிளும் இல்லை, மணலும் இல்லை. திருகு இடுக்கில் வெள்ளைத் துணியின் நூல் சிக்கியிருந்தது. மேல்திருகு, நான் சொன்ன மாதிரியே தளர்த்தி விடப்பட்டிருந்தது. இவ்வளவு பக்குவமாகத் துடைத்த ரீல் என் கைக்கு அதுவரை வந்ததே இல்லை. ஆனாலும் உள்ளே அந்த வெள்ளைப் பூச்சு. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

புது ரீல் ஒன்றை எடுத்துப் பையில் போட்டேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, எங்க புறப்பட்டுட்ட?"

"வலியதுறைக்கு."

"வந்தா மாத்திக் குடுத்தா தீந்துது. ஒரு ரீலுக்கு பஸ் ஏறிப் போவணுமாக்கும்?"

"மாத்திக் குடுத்தா நாலாவதும் இப்படித்தான் வரும். எனக்குக் காரணம் தெரியணும்" என்றேன். அவர் குடையை எடுத்து நீட்டினார்.

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி வலியதுறையில் இறங்கினேன். காலை இழுத்து நடக்கிறவர், பாலத்தில் தூண்டில் போடுகிறவர் என்றதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். மணலில் நாலாவது வீடு. அவர் இல்லை. அவர் மனைவி மட்டும் இருந்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது. ஆனாலும் உள்ளே வரச் சொன்னார்.

உள்ளே நுழைந்ததும் நான் பார்த்தது என் சீட்டைத்தான். மாதா படத்துக்குக் கீழே, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தார்கள். ஓரம் மடங்காமல், நேராக.

"அவரு இல்ல சேச்சி, ஞானாக்கும் கழுவுறது. இதில எழுதினது போலத்தான். வேணுமெங்கில் பாருங்க" என்றார் அந்த அம்மா. என் பையில் இருந்த ரீலைக் கேட்டு வாங்கினார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் கொல்லைப் பக்கம் போய், கிணற்றில் வாளியை இறக்கினார். மேல்திருகை இறுக்கினார். ரீலை வாளிக்குள் மெதுவாக இறக்கி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அரை மணிக்கூர். அந்தக் கடிகாரத்தைப் பாத்துத்தான் எடுப்பேன்" என்றார். குறை சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. நான் வீட்டில் செய்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டேன்.

என் காலெல்லாம் மணலும் சேறும். அதைப் பார்த்து அந்த அம்மா இன்னொரு வாளி இறைத்துக் கொடுத்தார். காலைக் கழுவினேன். பஸ்ஸில் வந்த களைப்புக்கு முகத்திலும் ரெண்டு கை அள்ளி அடித்துக்கொண்டேன். உதட்டில் பட்டது.

கரித்தது.

"இது கிணத்துத் தண்ணிதானே?" என்று கேட்டேன், கண் முன்னால் இறைத்ததைப் பார்த்துக்கொண்டே.

"பின்னே? குடிக்க முக்குல பைப்பு உண்டு. ஒரு நாளைக்கு ரெண்டு குடம் கிடைக்கும். கழுவுறதுக்கும் நனைக்கிறதுக்கும் கிணறுதான். இங்க எல்லாக் கிணறும் இப்படித்தான் சேச்சி. கடல் பக்கத்துல இல்லியோ." சொல்லும்போதே அந்த அம்மாவின் பார்வை வாளிக்குப் போனது. பிறகு கொல்லைக் கதவு வழியாகச் சுவரில் இருந்த சீட்டுக்குப் போனது. பிறகு என் முகத்துக்கு வந்தது.

எங்கள் ஊரில் கிணறு என்றால் நல்ல தண்ணீர். சாலைக் கடைத்தெருவில் எங்கள் வீட்டுக் கிணறும் அப்படியே. கிணற்றுத் தண்ணீர் கரிக்கும் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை, கடலுக்கு ரெண்டு மைலில் இத்தனை வருஷம் கடை வைத்திருந்தும். மற்ற வாடிக்கையாளர்கள் என் சீட்டைப் படித்திருக்கவே மாட்டார்கள். குழாயைத் திறந்து ரீலில் ரெண்டு சொட்டு காட்டிவிட்டு வைத்திருப்பார்கள். அவர்கள் ரீல் ஓடியது. நான் எழுதியதை ஒரு வார்த்தை விடாமல் நம்பி, கடிகாரம் பார்த்து, அரை மணி நேரம் உப்புத் தண்ணீரை உள்ளே வரைக்கும் ஊற விட்டது இந்த ஒரு வீடுதான். கெட்டதும் இவர்கள் ரீல்தான்.

வாளிக்குள் கையை விட்டு ரீலை வெளியே எடுத்தேன். "தப்பு என்னோடது" என்றேன். அந்த அம்மா உள்ளே சீட்டின் அருகே போய் நின்று, விரல் வைத்து அந்த வரியை ஒரு முறை வாசித்தார். "அப்போ எதுல கழுவணும்? குடிக்கிற வெள்ளத்துலயா?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். நியாயமான கோபம். ரெண்டு குடத்தில் வாழ்கிற வீட்டில் ரீலுக்கு ஒரு வாளி கொடு என்று எந்த வாயால் சொல்வது?

ஊறப் போடவே கூடாது, ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தாலே போதும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். வெளியே ஓட்டில் இருந்து மழைத்தண்ணீர் கயிறு மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. "இதைப் பிடிச்சு வச்சாலோ?" என்றார். சொல்லிக்கொண்டே ஒரு பானையைத் தூக்கி இறவாணத்துக்கு அடியில் வைத்தார். பானை நிறைவதை ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ரீல் விஷயத்தில் இவ்வளவு பெரிய நிபுணர் என்று இருந்த எனக்கு, தலைக்கு மேல் கொட்டுகிற மழை தோன்றவில்லை.

அந்தத் தண்ணீரில் ரீலைத் துடைத்து எடுத்துக்கொண்டு கடல்பாலத்துக்கு நடந்தேன். தைரியசாலி யாராவது அந்தப் பாலத்தில் மழைக்காலத்தில் நடந்து பார்த்தால் என் நிலைமை புரியும். கீழே அலை தூணில் மோதும்போது காலடியே அதிர்ந்தது. கைப்பிடி கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பாதி தூரம் போனேன். அவர் வெறும் கையால் நரம்பை எறிந்துகொண்டிருந்தார். ஆள்காட்டி விரலில் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருந்தார், நரம்பு அறுக்காமல் இருக்க.

நடந்ததைச் சொன்னேன். கிணற்றைச் சொன்னேன், சீட்டைச் சொன்னேன். அவர் நரம்பை இழுத்துக்கொண்டே கேட்டார். "அப்போ கள்ளம் பறஞ்சது எங்க கிணறாக்கும், ஞானில்ல" என்றார். பக்கத்தில் தூண்டில் போட்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. ரீலை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை.

"சேச்சி வந்தது சந்தோஷம். பக்ஷே இங்க வச்சு ஞான் வாங்கமாட்டேன். கடையில வச்சுத் தாங்க. திங்கக்கிழமை வரேன், அன்னிக்குப் போல ஆள் நிக்கும்போ."

அவர் சொன்னது நியாயம். ரீலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வந்த வழியே கம்பியைப் பிடித்து நடந்தேன்.

திங்கட்கிழமை வரைக்கும் நான் சோறு சரியாகத் தின்னவில்லை. வந்துவிடுவாரா, வராமல் போய்விடுவாரா, ரெண்டுக்கும் பயந்தேன். அவர் அதே நேரத்துக்கு வந்தார். கடையில் கூட்டம் இருந்தது. அந்தக் கான்டிராக்டரும், என் அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, நின்றிருந்தார். நான் எழுந்து நின்றேன். போன வாரம் இவரைப் பொய் சொல்கிறார் என்று சொன்னேன், அது தப்பு, ரீல் கெட்டதற்குக் காரணம் நான் எழுதிக் கொடுத்த சீட்டு, இவர் வீட்டில் கழுவின மாதிரி நான்கூடக் கழுவ மாட்டேன் என்று சொன்னேன். முழுக்கச் சொல்லி முடித்தேன். ரீலை ரெண்டு கையாலும் கொடுத்தேன்.

கான்டிராக்டர் தலையைச் சொறிந்தார். "அப்போ ஞான் சிரிச்சது வெறுதேயா?" என்றார். வலியதுறைக்காரர் அவரைப் பார்த்து, "சாரமில்ல, போகட்டும் அண்ணா. ஒரு நாள் பாலத்துக்கு வாங்க, குளிச்சும் காட்டறேன்" என்றார். இந்த முறை அவர்தான் முதலில் சிரித்தார்.

அந்த ரீல் ஓடியது. மழைக்காலத்தில் பானைத் தண்ணீர், மற்ற மாசங்களில் ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரும் பழைய முண்டுத் துணியும். வருஷத்துக்கு ரெண்டு தடவை கிரீஸ் வைக்க என்னிடம் கொண்டுவருவார். நாலாம் வருஷம் கைப்பிடிக் கட்டை தேய்ந்து கழன்று போனது, அதற்கு வேம்பில் ஒன்று கடைந்து மாட்டிக்கொண்டார். உள்ளே பேரிங் அப்போதும் வழுவழு என்றுதான் சுற்றியது. மலிவு ரீல் நாள்படுமா என்று இப்போதும் கேட்பவர்கள் உண்டு. படும் என்று தைரியமாகச் சொல்லுவேன்.

பழைய சீட்டை அந்தத் திங்கட்கிழமையே கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத வைத்தேன். அதில் முதல் வரி: "எந்தத் தண்ணீரில் கழுவப் போகிறீர்களோ, அதை முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள்." பக்கத்துக் கடைக்காரர் எழுதும்போது சிரித்தார், நான் சிரிக்கவில்லை. இன்றைக்கும் யாராவது ஒரு பொருளைக் கொண்டுவந்து, நீங்கள் சொன்ன மாதிரிதான் செய்தேன், கெட்டுவிட்டது என்று என் முன்னால் நின்றால், அவர் சொல்வது பொய்யோ என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றத்தான் செய்கிறது, அந்த நிமிஷத்தில் என் உதடு தானாகக் கரிக்கிறது, உடனே, "உங்க வீட்டுத் தண்ணி எப்படி?" என்று கேட்டுவிடுகிறேன்.